பித் கட்டியின் உறையில் உப்பளவை அச்சிடுங்கள்

பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் வட்டாரத் தென்னை நார் மில் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். ஆடிப்பட்டத்துக்குக் கோவையிலும் திருப்பூரிலும் மாடித்தோட்டம் போடுகிறவர்கள் முதலில் வாங்குவது உங்கள் 5 கிலோ பித் கட்டியைத்தான் (தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூளை அழுத்திய கட்டி). உறையில் எடை இருக்கிறது, விலை இருக்கிறது. உப்பளவு பெரும்பாலும் இருப்பதில்லை. ஏற்றுமதிச் சரக்குக்கு ஈசி (உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) அளந்துதானே அனுப்புகிறீர்கள்? அந்த எண்ணை உள்ளூர்க்காரருக்கும் கொடுங்கள்.

கழுவாத பித்தில் சோடியமும் பொட்டாசியமும் மிகுதி. விதை சரியாக முளைக்காது, முளைத்தாலும் இலையோரம் கருகும். வாங்கியவர் சத்துக் குறைவென்று நினைத்து மேலும் உரம் போடுவார். உப்பு இன்னும் ஏறும். ஈசி செ.மீ.க்கு 0.5 மில்லிசீமன்ஸுக்குள் இருந்தால் நாற்றுக்கு ஆகும். அளந்த முறையையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு பங்கு பித்துக்கு 5 பங்கு நீர் ஊற்றி அளந்தால் வரும் எண், 1.5 பங்கு நீரில் வருவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

வீட்டில் கழுவலாம். ஒரு கட்டியை 25 லிட்டர் நீரில் ஊறவைத்தால் ஏறக்குறைய 70 லிட்டர் அளவுக்குப் பருக்கும். சாக்கில் கட்டி வடியவிட்டு, மூன்று தடவை அலச வேண்டும். ஆழ்குழாய்த் தண்ணீரே உப்பாக இருக்கும் தெருக்களில் இது பலிக்காது. அலசும் நீரின் உப்புக்குக் கீழே பித்தின் உப்பு இறங்காது. மழைநீரோ சிறுவாணித் தண்ணீரோதான் வேண்டும். குடிதண்ணீருக்கே முறை வைக்கும் கோடையில் இதற்கு எங்கே போவது?

அலசினாலும் துகளோடு ஒட்டிய சோடியமும் பொட்டாசியமும் முழுதாகப் போகாது. பின்னால் நாம் கொடுக்கும் கால்சியத்தைப் பித் பிடித்துக்கொள்ளும். தக்காளியின் அடி கறுத்து அழுக இதுவும் ஒரு காரணம். 25 லிட்டர் நீரில் 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, அலசிய பித்தை ஒரு நாள் ஊறவைத்து வடித்தால் பெருமளவு சரியாகும்.

மக்காத பித்தின் மேல் 'இயற்கை உரம்' என்று அச்சிடுவதை நிறுத்துங்கள். அதில் கார்பனுக்கும் தழைச்சத்துக்குமான விகிதம் 100:1-க்கு மேல். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தொட்டியிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் இலை வெளுக்கும். செம்மண், மண்புழு உரம், கழுவிய பித் சம பங்கு என்று எழுதினால் வாங்குகிறவருக்கு உதவும்.

கழுவுவதை மில்லிலேயே, சிமென்ட் களத்தில் செய்யுங்கள். வடியும் சாயநீர் தொட்டியில் சேரட்டும். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் இறங்கக் கூடாது. உறையில் நான்கு வரி போதும்: ஈசி எண், அளந்த முறை, கழுவியதா, கால்சியம் ஏற்றியதா. அடுத்த ஆடிக்குள் இதைச் செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
கொங்கு வட்டார மாடித்தோட்டக்காரர்கள்