எடை இயந்திரத்தை வராந்தாவிலிருந்து எடுத்துவிடுங்கள்: தனியார் பள்ளித் தாளாளர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகர் ஒன்றில் குழந்தைநல மருத்துவராகப் பணிபுரிகிறேன். ஒவ்வொரு கல்வியாண்டிலும் பள்ளிகளில் உடல்நலப் பரிசோதனை முடிந்த சில நாட்களுக்குள், நான்காம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் என்னிடம் அழைத்து வருகிறார்கள்; கையில் ‘எடை அதிகம், மருத்துவரைப் பார்க்கவும்’ என்று எழுதிய அட்டை இருக்கும். பிள்ளையின் எடை கூடுவதைப் பல வீடுகளில் முதலில் கவனிப்பது பள்ளிதான் என்பதால், அந்த அட்டையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அந்த எண் எப்படிக் கண்டறியப்படுகிறது, அது தெரிந்தபின் பிள்ளை எப்படி நடத்தப்படுகிறது, அந்த எடை கூடுவதில் பள்ளியின் ஒரு நாளுக்கு எவ்வளவு பங்கிருக்கிறது என்பவை பற்றி உங்களிடம் நேராகப் பேச வேண்டியிருக்கிறது.

அட்டையோடு வரும் பெற்றோர் அநேகமாகக் கேட்கும் முதல் கேள்வி, ‘மாசம் எத்தனை கிலோ குறைக்கலாம் டாக்டர்?’ என்பதுதான். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எடையைக் குறைக்கவே வேண்டியதில்லை, கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நான் சொல்லும்போது அவர்களால் எளிதில் நம்ப முடிவதில்லை. கணக்கு எளியது. 138 செ.மீ. உயரமும் 46 கிலோ எடையும் உள்ள ஒரு பத்து வயதுச் சிறுவனின் உடல் நிறை குறியீடு (கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 24. அந்த வயதுக்கு அது உடற்பருமன். அவன் இரண்டு ஆண்டுகளில் 12 செ.மீ. வளர்ந்து, எடை மட்டும் 46 கிலோவிலேயே நின்றால், குறியீடு 20-ஐச் சற்றே தாண்டிய அளவுக்கு இறங்கிவிடும். ஒரு கிலோகூடக் குறையாமலே அவன் ஆரோக்கியமான உடலை நெருங்கிவிடுகிறான். பெரியவர்களுக்கு இல்லாத இந்த வாய்ப்பு வளரும் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அது பருவமடைந்து உயர வளர்ச்சி முடியும் வரைதான் கிடைக்கும். மிக அதிக எடையும் அதனால் வந்த நோயும் உள்ள சிலருக்கு எடையைக் குறைக்கவும் வேண்டியிருக்கும். அதை மருத்துவரின் மேற்பார்வையில், மிக மெதுவாகவே செய்ய வேண்டும்.

இதை அறியாத வீடுகளில் அட்டை வந்த அன்றிரவே பிள்ளையின் சாப்பாட்டுத் தட்டு மாறுகிறது. அண்ணனுக்கு மூன்று தோசை, இவளுக்கு மட்டும் வெள்ளரிக்காய். காலை உணவு நிறுத்தப்படுகிறது. இணையத்தில் பார்த்த கொள்ளுக் கஞ்சியும் புரதப் பொடியும் வீட்டுக்குள் வருகின்றன. எலும்பு நீண்டு, இரத்தம் பெருகி, பெண் பிள்ளைகள் பூப்படையும் தறுவாயில் இருக்கும் இந்த வயதில், பட்டினி போடுவது வளர்ச்சியைக் கெடுக்கும். அதோடு, மறைத்துச் சாப்பிடும் பழக்கத்தையும், உணவைக் கண்டாலே குற்றவுணர்வு கொள்ளும் மனநிலையையும் அது விதைத்துவிடும். புத்தகப்பைக்குள் பிஸ்கட் பொட்டலத்தை ஒளித்து வைத்திருந்த பிள்ளைகளைத் திட்டியபடியே அழைத்துவரும் பெற்றோரை நான் பார்க்கிறேன். பிள்ளைக்குப் பசித்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது வராந்தாவுக்கு வருகிறேன். பல பள்ளிகளில் எடை இயந்திரம் வராந்தாவில் வைக்கப்பட்டு, வகுப்பு முழுவதும் வரிசையில் நிற்க, ஆசிரியர் எடையை உரக்கச் சொல்ல, ஒரு மாணவர் அதைப் பேரேட்டில் எழுதுகிறார். தன் முறை வருவதற்கு முன்பே ஷூவையும் பெல்ட்டையும் கழற்றி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையையும் எடுத்துத் தோழியின் கையில் கொடுத்துவிட்டு ஏறும் சிறுமி, அந்த எண் உரக்கச் சொல்லப்படும் என்று தெரிந்தேதான் ஏறுகிறாள். அன்று மதியமே அந்த எண் அவளுக்குப் பட்டப்பெயராகிவிடுகிறது. கேலிக்கு ஆளாகும் பிள்ளை மெலிவதில்லை. விளையாட்டு மைதானத்துக்குப் போக மறுக்கிறது, தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறது, எடை மேலும் கூடுகிறது. பருமனான மாணவரை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டுத் தண்டிப்பதும், ஆண்டு விழா நாடகத்தில் பீமன் வேடத்தையோ யானை வேடத்தையோ கேட்காமலே அவருக்கென ஒதுக்குவதும் பலருக்கு இயல்பாகத் தோன்றலாம். ஓட்டத்தைத் தண்டனையாகக் கற்றுக்கொண்ட பிள்ளை அதை எந்தக் காலத்திலும் விரும்பாது.

அடுத்து, பள்ளி நாளின் அமைப்பு. காலை ஏழு மணிக்கு வேன் வந்துவிடும் என்பதால், ஒரு டம்ளர் மால்ட் பாலைக் குடித்துவிட்டுப் பிள்ளை ஓடுகிறது. (இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பிரிவில் காட்டக்கூடாது என்று ஒன்றிய வணிக அமைச்சகம் 2024 ஏப்ரலில் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியும், பல வீடுகளில் காலை உணவின் இடத்தில் இன்னும் அதுதான் இருக்கிறது.) பத்தரை மணி இடைவேளையில், பசியின் உச்சத்தில், கேன்டீனில் பப்ஸும் சமோசாவும் டப்பா ஜூஸும் வாங்கப்படுகின்றன. மதிய உணவுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு என்பதால், பொரியல் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியடு அட்டவணையில் இருந்தாலும், தேர்வு நெருங்கியதும் கணக்கும் அறிவியலும் அவற்றை எடுத்துக்கொள்கின்றன. மாலையில் மீண்டும் வேன், பிறகு டியூஷன், ஒன்பது மணிக்கு மேல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இரவுச் சாப்பாடு, அதன்பின் வீட்டுப்பாடம், பதினொரு மணிக்குத் தூக்கம். இந்த வயதில் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடும். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேலே சொன்ன நாளில் அந்த 60 நிமிடத்தை எங்கே பொருத்துவது என்று எந்தப் பெற்றோராவது என்னைக் கேட்டால், என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதில் உங்கள் கால அட்டவணையில்தான் இருக்கிறது.

கேன்டீனைப் பற்றிச் சட்டமே பேசியிருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி, கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் விற்கக்கூடாது. 250 மி.லி. குளிர்பானத்தில் ஏறக்குறைய ஐந்தாறு தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கிறது. சி.பி.எஸ்.இ. 2025 மே மாதத்தில் தன் பள்ளிகளில், எந்த உணவிலும் பானத்திலும் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று காட்டும் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொன்னது நல்ல தொடக்கம். ஆனால் பலகைக்குப் பக்கத்திலேயே அதே பானத்தை விற்றுக்கொண்டிருந்தால், பிள்ளைகள் பலகையை நம்ப மாட்டார்கள். சுண்டல், அவித்த வேர்க்கடலை, கொய்யா, வாழைப்பழம், மோர் ஆகியவற்றை விற்று நடக்கக்கூடிய கேன்டீன் சாத்தியமே. வாடகையை அதிகம் எதிர்பார்க்காமல் ஒப்பந்தம் போட நிர்வாகம் முன்வர வேண்டும்.

உங்கள் ஆசிரியர்களுக்குச் சில அடையாளங்களைச் சொல்லி வைக்க விரும்புகிறேன். பருமனான பிள்ளையின் பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட் போன்று தடித்த கருமை தெரிந்தால், அது அழுக்கல்ல. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி. பயத்தம்மாவும் எலுமிச்சைச் சாறும் போட்டுத் தோல் சிவக்கத் தேய்க்கப்பட்ட பிடரிகளை நான் பார்க்கிறேன். ‘ஒழுங்காகக் குளி’ என்று வகுப்பில் கண்டிக்கப்படும் பிள்ளைகளும் இவர்கள்தான். 2016 முதல் 2018 வரை நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், பள்ளி வயதினரில் பத்தில் ஒருவர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தது தெரியவந்தது. வகுப்பில் தூங்கி விழும் பிள்ளை இரவில் குறட்டை விடுகிறதா என்று பெற்றோரைக் கேளுங்கள். முழங்கால் வலி என்று சொல்லி நொண்டும் பருமனான பிள்ளையை ஓடச் சொல்லாமல் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் வளர்ச்சித் தட்டு நழுவியிருந்தாலும் வலி முழங்காலில் மட்டுமே தெரியக்கூடும். உயரம் கூடாமல் எடை மட்டும் கூடும் பிள்ளைக்கு ஹார்மோன் பரிசோதனை தேவை. வயதுக்கேற்ற உயரத்தோடு பருமனாக இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தைராய்டு காரணமாக இருப்பதில்லை.

பெற்றோர் கூட்டத்தில் பேச ஒரு செய்தி போதும்: மாற்றம் வீடு முழுவதற்கும் ஒன்றாக வேண்டும். சோற்றை நிறுத்த வேண்டியதில்லை. தட்டில் பாதி காயும் கீரையுமாக இருந்து, பருப்போ முட்டையோ மீனோ ஒரு பங்கு இருந்தால், இரண்டாம் முறை சோறு கேட்பது தானாகவே குறையும். குளிர்பானமும் நொறுக்குத் தீனியும் வீட்டிலேயே இல்லாதிருந்தால், பிள்ளையைத் தடுக்க வேண்டிய தேவையே எழாது. ‘வளர்ற பிள்ளை’ என்று தட்டை நிரப்பும் பாட்டிகளையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்களின் அன்பைக் குறை சொல்லாமல் பேசினால் அவர்கள் கேட்பார்கள்.

வரும் ஜூன் மாதத்துக்குள் நீங்கள் செய்யக்கூடியவை என நான் கேட்பது இவ்வளவே. எடையையும் உயரத்தையும் தனி அறையில், ஒவ்வொருவராக அழைத்து அளந்து, இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி வரைபடத்தில் குறித்து, ஒட்டிய உறையில் பெற்றோருக்கு மட்டும் அனுப்புங்கள். அட்டையில் ‘எடை அதிகம், மருத்துவரைப் பார்க்கவும்’ என்ற சொற்களுக்குப் பதிலாக ‘உணவைக் குறைக்க வேண்டாம், மருத்துவரைக் கலந்து பேசவும்’ என்று அச்சிடுங்கள். பி.டி. பீரியடை வேறு பாடத்துக்கு மாற்றத் தலைமையாசிரியருக்கே அதிகாரமில்லை என்று எழுத்தில் ஆணையிடுங்கள்; அதில் எல்லாப் பிள்ளைகளும் ஆடக்கூடிய கபடியும் எறிபந்தும் கயிறு தாண்டுவதும் இடம்பெறட்டும், பள்ளி அணிக்குத் தேர்வானவர்கள் மட்டும் ஆடி மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் நிலை வேண்டாம். கேன்டீன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதன் பண்டப் பட்டியலை ஊரிலுள்ள ஒரு குழந்தைநல மருத்துவரிடமோ உணவியலாளரிடமோ காட்டுங்கள். என் ஊர்ப் பள்ளிகள் அழைத்தால், சனிக்கிழமை பிற்பகல்களில் வந்து அந்தப் பட்டியலைப் பார்த்துத் தரவும், ஆசிரியர்களிடம் பேசவும் நான் அணியமாக இருக்கிறேன். இதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு குழந்தைநல மருத்துவர்