'கடைசி வழி' என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு கல்வி இணைப்பில், பத்தாம் வகுப்புக்குப் பின் என்ன படிக்கலாம் என்று ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். முக்கால் பக்கத்துக்குப் பதினோராம் வகுப்புப் பிரிவுகளும் கல்லூரிகளும். அடியில், விளம்பரத்துக்கு மேலே, ஐ.டி.ஐ.க்கு நாலே வரி. அதில் ஒரு வரி இது: "மேற்படிப்பு சரிப்படாத மாணவர்களுக்குக் கடைசி வழியாகத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன."

நான் மட்டும் படித்திருந்தால் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். திங்கட்கிழமை காலையில் எதிர்வீட்டு அம்மா அந்தப் பக்கத்தை நாலாக மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் மகள் அரசுப் பள்ளியில் படித்துப் பத்தாம் வகுப்பில் 412 மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். எலெக்ட்ரீஷியன் படிக்க வேண்டும் என்பது அவளே சொன்ன ஆசை. மூன்று வாரம் பேசிப் பேசி அந்த அம்மாவைச் சம்மதிக்க வைத்திருந்தேன். "அண்ணே, நீங்க நல்ல படிப்புன்னு சொன்னீங்க. பேப்பர்ல இப்படிப் போட்டிருக்காங்களே?" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. இயந்திரப் பாகங்களை ராவிப் பொருத்துகிற ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவனின் பேச்சைவிட அச்சில் வந்த எழுத்தை ஜனங்கள் நம்புவார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

1979-ல் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தேன். முதல் சில மாதம் அரம் பிடிப்பதுதான் படிப்பு. உள்ளங்கை அகல இரும்புத் துண்டை வைஸ் என்கிற பிடிப்புக் கருவியில் இறுக்கி ராவிக்கொண்டே இருக்க வேண்டும். மாஸ்டர் அதன் விளிம்பில் ட்ரை ஸ்கொயர் என்கிற மூலைமட்டத்தை வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் ஒரு வார்த்தை பேச மாட்டார், துண்டைத் திரும்பக் கையில் வைத்துவிடுவார். மறுபடி ராவ வேண்டும். ஒரு முகத்தைச் சரிசெய்தால் அடுத்த முகம் சாய்ந்திருக்கும். கொப்புளம் உடைந்து, கை காய்த்துப்போய், ஒருநாள் அந்த வெளிச்சம் அடைபட்டது. மாஸ்டர் "ம்" என்று மட்டும் சொன்னார். அந்த 'ம்' இன்றைக்கும் காதில் இருக்கிறது. அப்புறம்தான் வெர்னியர், மைக்ரோமீட்டர் என்கிற நுண்ணளவுக் கருவிகளில் முறையே 0.02 மில்லிமீட்டரும் 0.01 மில்லிமீட்டரும் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். கணக்கும் டிராயிங்கும் சரியாக வராதவன் அந்த ஒர்க்ஷாப்பில் ஒரு துளைகூடப் போட முடியாது. இதை மேற்படிப்பு சரிப்படாதவன் படிக்கிற படிப்பு என்று எப்படி எழுத மனம் வந்தது?

தொழில் பழகுநராக, அதாவது அப்ரண்டிஸாக இருந்து, பிறகு தேர்வு எழுதி, பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் சேர்ந்தேன். 2018-ல் முதல் வந்தே பாரத் ரயில் அங்கிருந்து வெளியே வந்தது. அப்போது அதற்கு ட்ரெயின் 18 என்று பெயர். எல்லாப் பத்திரிகையும் படம் போட்டன, தங்கள் பத்திரிகையும்தான். அந்தப் பெட்டிகளில் வெல்டிங் வைத்தவர்களிலும், கதவு பொருத்தி இடைவெளி பார்த்தவர்களிலும், ஒயரிங் இழுத்தவர்களிலும் எத்தனை பேர் ஐ.டி.ஐ. படித்தவர்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் மட்டும் சந்தனம் வைத்த மெஷினோடு எங்கள் படம் வரும்.

இந்த வருத்தம் போன ஞாயிறு வந்ததல்ல. 1988-ல் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பையன் என்ன படிப்பு என்று பெண்ணின் மாமா கேட்டார். ஐ.டி.ஐ. என்று என் அப்பா சொன்னதும் குடித்துக்கொண்டிருந்த காபியைப் பாதியில் கீழே வைத்தார். மத்திய அரசு வேலை, மாதச் சம்பளம், எதுவும் அவர் காதில் ஏறவில்லை. எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவு இருந்தது. அந்த ஆசிரியர் ஓய்வு பெற்றதும் வேறு ஆள் போடாமல் பிரிவையே மூடினார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை.

என் மகனும் ஐ.டி.ஐ.தான், ஏ.சி. மெக்கானிக். ஒரு தொழிற்சாலை மூன்று வருடம் பயிற்சித் தொழிலாளி என்றே வைத்திருந்தது. நிரந்தரத் தொழிலாளி செய்த அதே வேலையைச் செய்தான், சம்பளம் பாதிகூட இல்லை. நிரந்தரம் எப்போது என்று கேட்டதும் வெளியே அனுப்பினார்கள். பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. தொழில் கற்றுக்கொடுக்க வந்த ஏற்பாட்டை, குறைந்த கூலிக்கு ஆள் எடுக்கிற வழியாகச் சிலர் மாற்றிவிட்டார்கள். ஐ.டி.ஐ. படித்தால் நல்ல வேலை கிடைக்குமா என்று எழுத நினைத்தால் இதை எழுதுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன். அந்தக் குறை படிப்பில் இல்லை. அவன் இப்போது சொந்தமாக சர்வீஸ் செய்கிறான், அண்ணா நகரிலிருந்து முகப்பேர் வரை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். படிப்புக்கு மதிப்பில்லை என்று ஊரே சொல்லும்போது, படித்தவனுக்கு அரைச் சம்பளம் கொடுக்க முதலாளிக்கும் கூச்சம் இருக்காது.

சரி, அந்த நாலு வரியில் வேறு என்ன எழுதியிருக்கலாம்? பத்தாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டு. தமிழ், ஆங்கிலம் இரண்டு பாடம் மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழும் உண்டு. இதில் எங்கே இருக்கிறது 'கடைசி'? அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ.யிலும் கிடைக்கும். அரசே 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோவும் புது மெஷின்களும் கொண்டுவந்தது. அதைத் தங்கள் பத்திரிகையிலேயே படித்த நினைவு எனக்கு.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வருகிற ஞாயிறு இணைப்பில் ஐ.டி.ஐ.க்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். என்னென்ன பிரிவுகள், எவ்வளவு காலம், விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எது, அதன் பிறகு எங்கே போகலாம் என்று போடுங்கள். ஒர்க்ஷாப்பில் நிற்கிற ஒரு மாணவியின் படமும் இருந்தால் நல்லது. சேர்க்கை முடிவதற்குள் வர வேண்டும். எதிர்வீட்டு அம்மா இன்னும் விண்ணப்பத்தை நிரப்பாமல் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். மகள் தினமும் என்னிடம் வந்து, "பெரியப்பா, பேப்பர்ல மாத்திப் போட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
அயனாவரம், சென்னை - 23.