இறக்கைக்குத் தரை தெரியாது

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய காணொளியைப் பலமுறை பார்த்துவிட்டேன். ரிமோட்டில் பறக்கும் உன் சின்ன ஜெட் விமானம் உடைந்த வருத்தம் உன் குரலில் இருந்தது. வருத்தத்தைவிடக் குழப்பம் அதிகமாக இருந்தது. "நேராகப் போகும்போது நன்றாகத்தான் போனது அம்மா, திரும்பும்போது பின்னாலிருந்து அடித்த காற்று இறக்கையின் பலத்தைப் பிடுங்கிக்கொண்டது" என்றாய். திடலில் இருந்த மூத்தவர்களும் அப்படித்தான் சொன்னார்களாம். அவர்கள் எத்தனை ஆண்டு பறக்கவிட்டவர்களாக இருந்தாலும் இதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் என்பதற்காக மட்டும் இப்படிச் சொல்லவில்லை. சான்று உன் காணொளியிலேயே இருக்கிறது. தொலைபேசியில் பேசினால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ திருப்புவதற்குச் சற்று முன்னால் உன் கையிலிருக்கும் ரிமோட் வேகத்தைச் சொல்கிறது: மணிக்கு 90 கிலோமீட்டர். அது ஜிபிஎஸ் கொடுத்த எண். ஜிபிஎஸ் அளப்பது தரைமீது போகும் வேகத்தை. படத்தின் ஓரத்தில், காற்றின் போக்கைக் காட்டும் காற்றுப்பை விறைத்து நீண்டு நிற்கிறது. அன்று மாலை 30 கிலோமீட்டர் காற்று என்று நீயே சொன்னாய். அந்த நேரத்தில் விமானம் காற்று போகும் திசையிலேயே போய்க்கொண்டிருந்தது. 90இலிருந்து 30ஐக் கழித்துப் பார். காற்றுக்குள் அதன் வேகம் 60. இறக்கைக்குக் கிடைத்தது அந்த 60 மட்டும்தான். நேராகப் பறக்கையில் 50க்குக் கீழே போனால் உன் விமானம் ஸ்டால் ஆகிறது, அதாவது இறக்கை தாங்குவதை விட்டுவிடுகிறது என்று முன்பு சோதித்துச் சொல்லியிருக்கிறாய். 60, 50ஐவிட அதிகம். ஆகவே நேராகப் போனவரை ஒரு குறையும் இல்லை. பிறகு சாய்த்துத் திருப்பினாய். கணக்கு அங்கே மாறியது. அதைச் சொல்வதற்கு முன் உன் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உன் கண் இங்கே பழகிய கண். தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தோட்டத் திடலில், வெயில் ஏறுவதற்கு முன், அப்பா பால்சா என்ற லேசான மரத்தில் செய்துகொடுத்த விமானத்தில் கற்றுக்கொண்டாய். அந்த நேரத்தில் செம்பனை ஓலை அசையாது. ஆலைப் புகை நேராக மேலே ஏறும். மாலையில் மலைப்பக்கம் இருட்டினால் அப்பா எல்லாவற்றையும் எடுத்துக் காரில் வைத்துவிடுவார். மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் வீசும் சுமத்ரா காற்று வந்தால் அன்று வீட்டை விட்டே கிளம்பமாட்டோம். எனவே காற்றில்லாத காற்றில்தான் நீ வளர்ந்தாய். அங்கே தரைமீது வேகமும் காற்றுக்குள் வேகமும் ஒன்றேதான். புல்லின்மேல் விமானம் எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்று பார்த்தாலே இறக்கை எவ்வளவு உறுதியாகத் தாங்கும் என்று உனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பாடம் இந்தத் திடலுக்கு உண்மை.

நீ இப்போது இருக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் அது உண்மை இல்லை. கோடைப் பிற்பகல்களில் தென்மேற்கே கடலிலிருந்து எழும் காற்றை அங்கே 'ஃப்ரீமாண்டல் டாக்டர்' என்கிறார்கள். வெயிலில் வாடிய ஊருக்கு அது மருந்துதான். உன் கண்ணுக்கோ அது புதுச் சங்கதி. அந்தக் காற்று வீசும்போது உன் விமானத்துக்கு இரண்டு வேகங்கள். நீ பார்ப்பது ஒன்று, இறக்கை உணர்வது மற்றொன்று.

ஈப்போவிலிருந்து வரும் மின்ரயிலை நினைத்துக்கொள். 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பெட்டிக்குள் நீ இன்ஜின் பக்கமாகவும் நடக்கலாம், கடைசிப் பெட்டிப் பக்கமாகவும் நடக்கலாம். உன் கால்களுக்கு இரண்டும் ஒன்றே. நடந்துகொண்டிருந்தவன் திசை மாறித் திரும்பியதால் விழுந்தான் என்று யாராவது சொன்னால் நம்புவாயா? பிளாட்பாரத்தில் நிற்பவனுக்குத்தான் நீ ஒருமுறை மிக வேகமாகவும் மறுமுறை சற்றுக் குறைந்த வேகத்திலும் போவதாகத் தெரியும். சீராக வீசும் காற்றில் உன் விமானம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. நீ பிளாட்பாரத்தில் நிற்கிறாய். அவ்வளவுதான். ஆனால் ரயில் திடீரென்று பிரேக் போட்டால் பெட்டிக்குள் நிற்பவன் தடுமாறுவான். குத்துக்காற்று அப்படிப்பட்டது. எதிர்க்காற்று ஒரு நொடியில் பத்து கிலோமீட்டர் தணிந்தால், விமானத்தின் எடை அதன் பழைய வேகத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, காற்றுக்குள் வேகம் பத்து கிலோமீட்டர் உடனே போய்விடும். காற்றால் தீங்கே வராது என்று நான் சொல்லவரவில்லை. சீரான காற்று வேறு, மாறும் காற்று வேறு. காணொளியில் காற்றுப்பை துள்ளவில்லை, ஒரே சீராக நிற்கிறது. உன் விமானம் விழுந்தது குத்துக்காற்றால் இல்லை.

ஸ்டால் என்றதும் எல்லாரும் வேகத்தையே பேசுகிறார்கள். எனக்கு அதில் எப்போதும் மனக்குறை உண்டு. இறக்கை ஸ்டால் ஆவது கோணத்தால். எதிரே வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள கோணம், சாதாரண இறக்கைக்கு ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டும்போது, மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்ந்துவிடுகிறது. தூக்குவிசை சரிகிறது. வேகம் அதில் எப்படி வருகிறது என்றால், தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. வேகம் பாதியானால் அதே கோணத்தில் கிடைப்பது கால் பங்குதான். அதே எடையைச் சுமக்க வேண்டுமானால் கோணத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். வேகம் குறையக் குறைய மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் குச்சியை நீ பின்னால் இழுக்கிறாய், கோணம் எல்லையை நெருங்குகிறது. எல்லை கோணத்தில் இருக்கிறது, வேகமானியில் இல்லை. 100 கிலோமீட்டரில் போகும்போதும் குச்சியை வெடுக்கென்று இழுத்தால் ஸ்டால் ஆகும்.

பெரிய விமானங்களும் இதற்கு விலக்கு இல்லை. 2009 ஜூன் 1ஆம் தேதி, ரியோவிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் 447இல் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது. சிறிது நேரம் வேக எண்கள் குழம்பின. தானியங்கி விலகிக்கொண்டது. விமானி மூக்கை உயர்த்தியே பிடித்திருந்தார். ஸ்டால் எச்சரிக்கை ஒலித்தது. இன்ஜின்கள் இயங்கிக்கொண்டிருக்க, ஏறத்தாழ 38,000 அடி உயரத்திலிருந்து சுமார் மூன்றரை நிமிடத்தில் அது கடலில் விழுந்தது. 228 பேர். குச்சியை முன்னால் தள்ளிக் கோணத்தைக் குறைத்திருந்தால் மீள்வதற்கு உயரம் இருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இப்போது உன் திருப்பத்துக்கு வருகிறேன். சாய்ந்து திரும்பும் விமானம், உயரம் இழக்காமல் இருக்க, தன் எடையைவிட அதிகம் சுமக்க வேண்டும். 45 பாகை சாய்வில் சுமை 1.41 மடங்கு. 60 பாகையில் சரியாக இரண்டு மடங்கு. ஸ்டால் வேகம் சுமையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறுகிறது. ஆக, உன்னுடைய 50 என்பது 45 பாகையில் ஏறக்குறைய 60 ஆகிறது, 60 பாகையில் 70ஐத் தாண்டுகிறது. உன்னிடம் இருந்தது 60. படத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தேன். திருப்பத்தின் நடுவில் உன் விமானம் 45 பாகைக்கும் மேலே சாய்ந்திருக்கிறது. விடை கிடைத்துவிட்டதல்லவா? காற்று எதையும் பிடுங்கவில்லை.

நீ ஏன் அவ்வளவு சாய்த்தாய் என்பதும் எனக்குப் புரிகிறது. காற்றோடு போகும்போது விமானம் பறந்தோடுவதுபோல் தெரிந்தது. கண் 'அதிகம்' என்றது, கை இன்ஜின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைத்தது. திரும்பும்போது காற்று விமானத்தை ஓடுபாதைக் கோட்டுக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போனது. கண் 'இன்னும் இறுக்கமாகத் திருப்பு' என்றது, கை சாய்வைக் கூட்டிக் குச்சியை இழுத்தது. தரையைப் பார்த்துப் பழகிய கண் கேட்டது ஒவ்வொன்றும் இறக்கைக்கு எதிரானது. பிறகு உள்பக்க இறக்கை சரிந்தபோது, இறக்கையின் பின்விளிம்பில் சாய்வைக் கட்டுப்படுத்தும் ஏலரானை எதிர்ப்பக்கம் முழுவதும் கொடுத்திருக்கிறாய். யாருடைய கையும் அப்படித்தான் போகும். ஆனால் சரியும் இறக்கையின் ஏலரான் கீழே இறங்கினால், அந்த நுனியின் கோணம் மேலும் கூடுகிறது. உன் ஜெட்டைப்போல் பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையில் நுனிகள்தான் முதலில் ஸ்டால் ஆகும் இயல்புடையவை. நுனிகள் பின்னால் இருப்பதால், அவை தாங்குவதை விட்டதும் மூக்கு தானாகவே இன்னும் மேலே தூக்கும். முதலில் குச்சியை முன்னால் தள்ளு, த்ராட்டிலை முழுவதும் கொடு, இறக்கை காற்றைப் பிடித்த பிறகே சாய்வைச் சரிசெய்.

த்ராட்டில் என்றதும் இன்னொன்று. அப்பாவின் பால்சா விமானத்தில் முன்னால் சுழலி இருந்தது. த்ராட்டிலைக் கொடுத்த உடனே அதன் காற்று இறக்கையின் நடுப்பகுதிமேலும் வால்மேலும் பாயும். வேகம் இல்லாதபோதும் கொஞ்சம் பிடிப்பு கிடைக்கும். உன் ஜெட்டில் விசிறி உடலுக்குள் இருக்கிறது. அதன் காற்று பின்னால் குழாய் வழியாகப் போய்விடுகிறது, இறக்கைக்கு ஒன்றும் தருவதில்லை. விமானமே முழுவதும் வேகமெடுத்தால்தான் உண்டு. அடுத்து மண்ணெண்ணெயில் ஓடும் டர்பைன் வாங்கப் போகிறேன் என்கிறாய். டர்பைன் அடங்கிய சுழற்சியிலிருந்து முழு வேகத்துக்கு ஏறச் சில நொடிகள் ஆகும். ஓடுபாதையை நெருங்கித் தாழ்ந்திருக்கும்போது அந்தச் சில நொடிகள் உன்னிடம் இருக்காது.

இறங்கும்போது எதிர்க்காற்றை நம்பி இருந்துவிடாதே. புல், மரம், வேலி எல்லாம் தடுப்பதால் தரையை நெருங்க நெருங்கக் காற்று மெலிகிறது. மேலே 30 இருந்த எதிர்க்காற்று கீழே 20ஆகக் குறைந்தால், விரைந்து இறங்கும் விமானத்தின் வேகத்தில் ஒரு பகுதியும் அதோடு போகும். ஸ்டால் வேகத்தின் 1.3 மடங்கு, அதாவது உனக்கு 65, காற்றுக்குள் இருக்க வேண்டும். காற்று 30க்கும் 50க்கும் இடையில் துள்ளினால், அந்த 20இல் பாதியைக் கூட்டி 75 வைத்துக்கொள். பெரிய விமானம் ஓட்டுபவர்களும் குத்துக்காற்றின் வித்தியாசத்தில் பாதியைக் கூட்டிக்கொள்கிறார்கள். தரைமீது அது மெதுவாகத்தான் தெரியும். தெரியட்டும்.

இனி நீ செய்ய வேண்டியது. புது விமானம் வந்ததும் அங்கே அனுமதித்த உயரத்துக்குள், 100 மீட்டர் அளவில், காற்றை எதிர்த்துப் போகவிட்டு, த்ராட்டிலைக் குறைத்து உயரத்தைப் பிடித்துக்கொண்டே வா. எலிவேட்டர் குச்சி எங்கே வரும்போது அது விழுகிறது என்று கையால் உணர். வேகத்தைவிட அந்தக் குச்சியின் இடம் எனக்கு முக்கியம், ஏனென்றால் இறக்கையின் கோணத்துக்கு உன் கையில் உள்ள அடையாளம் அதுதான். பிறகு காற்றோடு திரும்பும்போது த்ராட்டிலைத் தொடாதே. காற்றை எதிர்த்துப் போனபோது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். விமானத்தின் மூக்கு எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் இருந்தால், காற்றுக்குள் வேகமும் அதேதான். தரைமீது எவ்வளவு பாய்ந்தாலும் கவலைப்படாதே. கடைசித் திருப்பத்தைப் பெரிதாக எடு, 30 பாகைக்கு மேல் சாய்க்காதே. ஓடுபாதையைத் தாண்டிப் போய்விட்டால் போகட்டும், இன்னொரு சுற்றுக்கு எழுப்பு. வெயில் காலத்தில் சூடான காற்றின் அடர்த்தி குறைவதால் ஸ்டால் வேகம் சற்று ஏறும். காலையில் சோதித்த எண்ணைப் பிற்பகலில் அப்படியே நம்பாதே.

டர்பைனுக்குச் சேர்த்த பணத்தில் முதலில் பிட்டோ குழாயோடு கூடிய வேக உணரி ஒன்று வாங்கு. ரிமோட் அந்த எண்ணைச் சொல்லட்டும். ஜிபிஎஸ் எண்ணை வாய் திறக்காதபடி செய்துவிடு. குழாயை இறக்கையின் முன்விளிம்புக்கு முன்னால், காற்று கலங்காத இடத்தில் பொருத்த வேண்டும். அப்பா பித்தளையில் ஒரு தாங்கி கடைந்துகொண்டிருக்கிறார். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போய்வந்ததிலிருந்து அவருக்கு முழங்கால் வலி. ஆனாலும் பட்டறையில்தான் இருக்கிறார். முன்விளிம்பின் தடிமன் எவ்வளவு என்று கேட்கச் சொன்னார். அளந்து இன்றே எழுது. அடுத்த காணொளியில் காற்றுப்பை முழுவதும் படத்துக்குள் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா