ஆணை வரும்வரை இங்கேதான், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உங்கள் கடிதம் கிடைத்தது. "நீங்கள் தத்தெடுக்கப் போன குழந்தைதான் உங்களிடம் வந்துவிட்டாளே, பிறகு ஏன் நீதிமன்ற ஆணைக்காக வெளிநாட்டில் காத்துக்கிடந்து இத்தனை தாமதம்? யாரையாவது பார்த்து, கொடுப்பதைக் கொடுத்து முடித்துக்கொண்டு வரக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாசத்தில் கேட்டது என்று தெரியும். ஆனாலும் இதற்கு விவரமாகப் பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியாது.

முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காப்பகத்திலிருந்து வந்த புதிதில் இரவில் விழித்தால் அழவே மாட்டாள். இருட்டில் கண்ணைத் திறந்தபடி அசையாமல் படுத்திருப்பாள். எவ்வளவு சமத்து என்று பக்கத்து வீட்டுப் பெண்மணி வியந்தார். எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. பல குழந்தைகளை ஓரிருவர் பார்த்துக்கொள்ளும் இடத்தில், அழும்போதெல்லாம் ஆள் வர முடிவதில்லை. அது பழகிப்போனால் குழந்தை அழுவதையே விட்டுவிடும் என்று சமூகப் பணியாளர் சொன்னார். போன வாரம் ஓர் இரவு அவள் வீறிட்டு அழுதாள். நானும் உங்கள் மாப்பிள்ளையும் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடினோம். தூக்கியதும் என் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள். அழுதால் யாரோ வருவார்கள் என்று நம்பத் தொடங்கிவிட்டாள், அப்பா! விடியும்வரை எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சாப்பிட்டதும் ஒரு துண்டு ரொட்டியைக் கைக்குள் மறைத்துக் கொண்டுபோய்த் தலையணைக்கு அடியில் வைக்கிறாள். அதைப் பிடுங்கக் கூடாதாம். அவள் கைக்கு எட்டும்படி ஒரு கிண்ணத்தில் எப்போதும் தின்பதற்கு ஏதாவது வைத்திருக்கிறோம்.

மற்றபடி நாட்கள் ஒரே மாதிரிதான். காலையில் பூங்கா. பகலில் இந்த ஊர் மொழியைச் சொல்லித்தர ஓர் ஆசிரியை வருகிறார். 'வலிக்கிறது', 'பயமாக இருக்கிறது' என்று அவள் சொன்னால் எங்களுக்குப் புரிய வேண்டுமே. இரவில் உங்கள் மாப்பிள்ளை தன் அலுவலக வேலையைப் பார்க்கிறார். வாரந்தோறும் சமூகப் பணியாளர் வந்து, அவள் எங்களோடு எப்படி ஒட்டுகிறாள் என்று கவனித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுகிறார். நன்னடத்தைச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் காலவரம்பு உண்டு. வாய்தா தள்ளிப்போனால் அவை காலாவதியாகிவிடும். மறுபடி வாங்கி, மொழிபெயர்த்து, முத்திரை குத்த அலைய வேண்டும். அந்த அலைச்சலில் எனக்குக் கோபம் வருவது உண்மை.

ஆனால் நீங்கள் சொல்லும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கென்று 1993 மே 29 அன்று உருவான ஹேக் உடன்படிக்கை இருக்கிறது; 1995-இல் நடைமுறைக்கு வந்தது. இந்த நாடும் நம் நாடும் அதில் சேர்ந்தவை. குழந்தைக்குச் சொந்த நாட்டிலேயே குடும்பம் கிடைக்குமா என்று முதலில் தேடியிருக்க வேண்டும். பெற்றவள் சம்மதித்திருந்தால், அது பிரசவத்துக்குப் பிறகு, பணமோ வற்புறுத்தலோ இல்லாமல், புரிந்து கொடுத்த சம்மதமாக இருக்க வேண்டும். இரு நாட்டு அதிகார அமைப்புகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் முறையாக நடந்தன என்று சான்று கிடைத்தால்தான் மற்ற உறுப்பு நாடுகளும் அவளை எங்கள் மகளாக ஏற்கும். இத்தனையையும் சரிபார்க்க நாள் ஆகத்தான் செய்யும்.

அவசரத்தாலும் பணத்தாலும் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியாவைப் பாருங்கள். அங்கிருந்து பல பத்தாண்டுகளாக வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளில், பெற்றோர் இருந்தும் அநாதைகள் என்று ஆவணம் எழுதப்பட்டவர்கள் உண்டு என்று அந்நாட்டு உண்மை, நல்லிணக்க ஆணையமே 2025 மார்ச்சில் அறிவித்தது. பெரியவர்களாகித் தாயைத் தேடிக் கிளம்பியவர்களின் கையில் இருந்தது பொய்க் காகிதம். என் மகள் ஒருநாள் தன் கோப்பைப் புரட்டும்போது அதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்க வேண்டும். கொடுத்து முடித்த காரியம் என்று ஒரு தடம்கூட அதில் இருக்கக் கூடாது.

பெற்றவளை நாங்கள் பார்த்ததில்லை. சம்மதமும் விசாரணையும் முடியும்முன் இரு தரப்பும் சந்திக்கக் கூடாது என்பது விதி. விளக்கேற்றும் வேளையில் அவளையும் நினைத்துக்கொள்கிறேன்.

இனி உங்களிடம் சில வேண்டுகோள்கள். நான் அனுப்பும் படங்களை உறவினர் யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஆணை வருமுன் அவள் முகமும் பெயரும் வெளியே போகக் கூடாது என்று நிபந்தனை. அதனால்தான் இதிலும் பெயரை எழுதவில்லை. அந்தப் பெயரை மாற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அம்மா வேறு பெயர் பார்த்துவைத்திருந்தால் செல்லப்பெயராக இருக்கட்டும். நாங்கள் வந்திறங்கும்போது விமான நிலையத்துக்கு அண்ணன் மட்டும் வந்தால் போதும். முதல் சில மாதங்கள் சோறூட்டுவதும் தூக்குவதும் நாங்கள் இருவர் மட்டுமே. யார் கூப்பிட்டாலும் போய்விடுகிறாள்; தன் ஆட்கள் யார் என்று அவள் மனத்தில் பதிய வேண்டும். அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும். நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் உள்ள எல்லோருடைய முகமும் தெளிவாகத் தெரியும் படங்களை, ஆளுக்கு ஒன்றாக, பெரிதாக அச்சிட்டு அனுப்புங்கள். அவளுக்குக் காட்டிப் பழக்க வேண்டும். உங்கள் படத்தை மூக்குக்கண்ணாடியோடு எடுங்கள். அப்படித்தானே அவள் உங்களைப் பார்க்கப் போகிறாள்.

அன்புடன்,
உங்கள் மகள்