கட்டுமான நிறுவனங்களின் பயிற்சிப் பிரிவினருக்கு

வணக்கம்.

சிங்கப்பூரில் தமிழ் ஊழியர்களுக்கான இணையவழிப் பயிற்சிகளை வடிவமைப்பவர்கள் நாங்கள். உங்களில் பலர் வகுப்பறை ஸ்லைடுகளை அப்படியே ஏற்றி, குரல் சேர்த்து, கடைசியில் பத்துக் கேள்வி வைத்துவிடுகிறீர்கள். பதிவேட்டில் எல்லாரும் தேர்ச்சி. வேலையிடத்தில் பழைய பழக்கம் அப்படியே இருக்கிறது.

பாடம் எழுதுமுன், முடித்தவர் என்ன செய்வார் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். "உயரத்தில் பாதுகாப்பைக் கடைப்பிடிப்பார்" என்பதை எப்படிச் சோதிப்பீர்கள்? "ஏறுமுன் ஹார்னஸின் பட்டை, தையல், கொக்கி மூன்றையும் பார்ப்பார், பழுதிருந்தால் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிடுவார்" என்றால் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். அடுத்து கேள்வி, அதற்குப் பிறகுதான் பாடம். அந்தக் கேள்விக்குத் தேவைப்படாத ஸ்லைடை எடுத்துவிடுங்கள்.

3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை செய்ய பெர்மிட், அதாவது அந்த வேலையைத் தொடங்குவதற்கான எழுத்து அனுமதி, வேண்டும். "எத்தனை மீட்டர்?" என்று கேட்டால் மனப்பாடம்தான் தெரியும். நாலு மீட்டர் சாரத்தின் படத்தைக் காட்டி, "பெர்மிட் வரவில்லை, சூப்பர்வைசர் சீக்கிரம் ஏறச் சொல்கிறார், என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். தவறான விடைகளாக, ஆட்கள் உண்மையில் செய்யும் தவறுகளையே வையுங்கள். சரியான விடை மட்டும் நீளமாக இருந்தாலோ, "மேற்கண்ட அனைத்தும்" என்று முடிந்தாலோ பாடத்தைப் பார்க்காதவரும் தேர்ச்சி பெறுவார்.

தமிழ் விஷயத்தில் நடக்கும் அலட்சியம் தனி. ஆங்கிலப் பாடம் முழுக்க முடிந்தபின் மொழிபெயர்க்கக் கொடுப்பதால், தமிழ் வரிகள் நீண்டு பொத்தானுக்கு வெளியே வழிகின்றன. சில மென்பொருளில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கின்றன. யூனிகோட் எழுத்துருவைப் பாடத்துக்குள்ளேயே பொதித்து, மலிவான கைப்பேசியில் திறந்து பாருங்கள். ஹார்னஸை ஹார்னஸ் என்றே எழுதுங்கள். "பாதுகாப்புக் கச்சை" என்றால் சாரத்தில் யாருக்கும் புரியாது.

ஒரு துண்டு ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஐந்து நிமிடக் காணொளி ஏறக்குறைய 38 எம்பி. அதற்கு மேல் போனால் ஊழியரின் டேட்டாதான் கரையும். இன்னொரு சிக்கல் வெளியே தெரியாது: பாடத்தையும் பயிற்சிப் பதிவு மென்பொருளையும் இணைக்கும் ஸ்கார்ம் 1.2 முறையில், பாடம் எங்கே நின்றது என்ற குறிப்புக்கு 4,096 எழுத்துக்குறிகள்தான் இடம். நீளமான பாடம் அதைத் தாண்டினால், பாதியில் விட்டவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். பிறகு அவர் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போவதில் என்ன வியப்பு?

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்கு விடுதிக் கட்டிலில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். வேலை நேரத்தில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து, வேலை தொடங்குமுன் நடக்கும் சிறு பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் இரண்டிரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஹார்னஸ் மாட்டுவதைத் திரையில் பழக முடியாது, கையில் கொடுத்துத்தான் பழக்க வேண்டும்.

வெளியிடுமுன் ஐந்து ஊழியர்களிடம் பாடத்தைக் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். எந்தத் திரையில் விரல் தயங்குகிறதோ அதைத் திருத்துங்கள்.

இப்படிக்கு,
பயிற்சி வடிவமைப்பாளர்கள் சிலர்