மூன்று தடவை மிரட்டியும் ஓடினார்

மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், மழையும் கூட. இங்கே கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இப்போதெல்லாம் மத்தியானம் மூன்று மணிக்கே மஞ்சு இறங்கிவிடுகிறது. முட்டிவலி அப்படியே. காட்டுமாடு வந்து முட்டைக்கோஸ் பாத்தியை மிதித்துவிட்டுப் போனது தனிக் கதை.

பேஸ்பாலில் பேஸ் திருடுவது, அதாவது அடி விழக் காத்திராமல் பந்து போடும்போதே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது, வெறும் சூதாட்டம், கணக்குப் போட்டால் நஷ்டம்தான் என்று எழுதியிருந்தாய். பேங்கில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் வேறெப்படி எழுதுவான்! சரி, நாலுக்கு மூன்று தடவை தப்பிக்க முடியாதவன் ஓடக்கூடாது, ஒத்துக்கொள்கிறேன். 1982ல் ரிக்கி ஹெண்டர்சன் 130 பேஸ் திருடினார், 42 தடவை மாட்டி அவுட் ஆனார்; உன் கணக்குக்கே சரியாக வருகிறது பார். ஆனால் அவர் ஓடாமல் சும்மா நின்ற பந்துகளை எந்தப் பேரேட்டில் எழுதுவாய்? முதல் பேஸை விட்டுப் பத்தடி தள்ளி அவர் நின்றாலே பந்து போடுகிற பிட்சருக்குப் பாதிக் கவனம் அங்கே போய்விடும், அவசரமாக வேகப்பந்தாகவே போடுவார், அடிக்கிறவருக்குக் கொண்டாட்டம். கபடியில் பாடிப் போகிறவன் ஒருத்தரையும் தொடாமலே நாலு பேரைப் பின்னுக்குத் தள்ளுவானே, அது மாதிரி.

மகள் பாஸ்டனில் இருக்கிறாள் இல்லையா, அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லி அலுக்காத 2004 ஆட்டத்தை நானும் வீடியோவில் எத்தனை தடவை பார்த்தேனோ. ஏழு ஆட்டத் தொடரில் பாஸ்டன் அணி நியூயார்க் யாங்கீஸிடம் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்று, நாலாவதிலும் 4-3 என்று பின்தங்கி, ஒன்பதாவது இன்னிங்ஸ், எதிரே யாங்கீஸ் பிட்சர் மரியானோ ரிவேரா. ஓடுவதற்கென்றே டேவ் ராபர்ட்ஸை முதல் பேஸில் இறக்குகிறார்கள். அவர் ஓடப்போகிறார் என்று மைதானத்து நாற்காலிக்குக்கூடத் தெரியும். ரிவேரா மூன்று தடவை முதல் பேஸுக்கு எறிந்து மிரட்டுகிறார், மூன்று தடவையும் இவர் திரும்பிப் போய்விடுகிறார். அப்புறம் அடிக்கிறவருக்குப் போட்ட முதல் பந்திலேயே கிளம்பிவிட்டார். 90 அடி. குப்புறப் பாய்ந்து கை பேஸில் பட்டதற்கும் இரண்டாவது பேஸில் காத்திருந்த யாங்கீஸ் ஆட்டக்காரர் ஜீட்டரின் கையுறை அவர்மேல் பட்டதற்கும் நடுவே ஒரு கண் சிமிட்டல்தான். அடுத்து ஒரே அடியில் ஆட்டம் சமம், அங்கிருந்து நாலு ஆட்டத்தையும் ஜெயித்து, அப்புறம் இறுதிப் போட்டியான உலகத் தொடரையும் ஜெயித்து, 86 வருஷம் கழித்துக் கோப்பை.

உன் பக்கத்துக்கும் ஒன்று தருகிறேன்: 1926 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில், ஒரு ரன் பின்தங்கியிருக்கும்போது யாங்கீஸின் பேர்போன ஆட்டக்காரர் பேப் ரூத் திருடப் போய் மாட்டி, தொடரே அதோடு முடிந்தது. அது அசட்டுத்தனம், மறுக்கவில்லை.

2023ல் விதியை மாற்றிவிட்டார்கள். பேஸின் பக்க அளவு 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது. பிட்சர் மூன்றாவது தடவை பேஸுக்கு எறிந்து மிரட்டியும் அவுட் ஆக்காவிட்டால் ஓடுகிறவருக்கு அடுத்த பேஸ் இனாம். யோசித்துப் பார், இந்த விதி அன்றைக்கே இருந்திருந்தால் ராபர்ட்ஸ் நடந்தே போயிருப்பார். அதில் என்ன சுகம்!

மே மாதம் வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வா. செக்போஸ்டில் திருட்டுத்தனமாக நுழைந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே.