பத்தாவது ஆள் வரும்வரை கதவைத் திறந்து வையுங்கள்

எங்கள் யூத ஜெப ஆலயத்தின் நிர்வாகக் குழுவினருக்கும் புதிய சமய குருவான ரபியைத் தேடும் குழுவினருக்கும்,

மதிப்பிற்குரியீர்,

புதிய ரபி பொறுப்பேற்கும்வரை வார நாள்களின் மாலைத் தொழுகை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று சென்ற வாரம் தாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்தான் இம்மடலை எழுத வைத்தது. 26 ஆண்டுகள் நம்முடன் இருந்த ரபி ஜூன் இறுதியில் ஓய்வு பெற்றதையும், அவருடைய இடம் இன்னும் நிரப்பப்படாமல் இருப்பதையும் தாங்களே நன்கு அறிவீர்கள். என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: மாலைத் தொழுகையை நிறுத்தாதீர்கள்.

கடந்த பஸ்கா பண்டிகை முடிந்த வாரத்தில் என் தாயார் காலமானார். இறந்த பெற்றோருக்காக நாம் 11 மாதங்கள் கதீஷ் என்னும் துக்க ஜெபத்தைச் சொல்கிறோம். இறந்தபின் தீயவர்கள் தண்டனை பெறும் காலமே 12 மாதங்கள் என்பது முன்னோர் வாக்கு. நம் தாய் தந்தையரை அந்தக் கணக்கில் யாரும் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு மாதம் முன்னதாக முடித்துக்கொள்கிறோம். இறந்தவரின் மானத்தை இத்தனை நுணுக்கமாகக் காக்கும் மரபு, துக்கத்தில் இருப்பவரையும் தனியே விடுவதில்லை. கதீஷின் அரமேய மொழி வரிகளில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இறைவனின் பெயரைத் துக்கப்படுபவர் போற்ற, கூடியிருப்போர் ஆமென் என்கிறார்கள், அவ்வளவே. அந்த ஆமென் சொல்ல 10 பேர் இல்லையென்றால் கதீஷும் இல்லை.

அக்டோபர் இறுதியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாங்கள் 9 பேர் இருந்தோம். எண்பதைக் கடந்த ஒரு பெரியவர் மழையில் நனைந்தபடி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். முன்பெல்லாம் இப்படி ஒருவர் குறைந்தால் ரபி தம் அறைக்குள் சென்று தொலைபேசியை எடுப்பார். கால் மணி நேரத்தில் யாராவது ஒருவர், சில நாள்களில் கைக்குழந்தையோடுகூட, வந்து நிற்பார். அன்று யாருக்குத் தொலைபேசி செய்வது என்று எங்களில் எவருக்கும் தெரியவில்லை, ஏனெனில் அந்த எண்களெல்லாம் ரபியின் நினைவில்தான் இருந்தன. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். வாசலில் காரின் வெளிச்சம் விழும்போதெல்லாம் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கடைசியில் அவரவர் தமக்குள் தொழுதுவிட்டுப் பிரிந்தோம். அம்மா இறந்த பிறகு நான் கதீஷ் சொல்லாமல் வீடு திரும்பிய முதல் மாலை அதுதான். போகும்போது அந்தப் பெரியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். வந்திருந்த அவர் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்?

தொழுகையை நிறுத்துவதற்கான காரணங்களில் ஒன்றாக அதே மாலையைத் தங்கள் மின்னஞ்சலில் கண்டபோது என் மனம் கொதித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒருவர் குறைந்தபோது செய்ய வேண்டியது அந்த ஒருவரைத் தேடுவது. வந்த 9 பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவது அன்று.

தொழுகையை நடத்த ரபி வேண்டும் என்று நம் சட்டம் எங்கும் சொல்லவில்லை என்பதைத் தங்களுக்கு நான் எடுத்துரைக்கத் தேவையில்லை. கொச்சி யூதர்கள் பல நூற்றாண்டுகள் பட்டம் பெற்ற ரபி இல்லாமலேயே, தொழுகை நடத்தத் தெரிந்த தம் மூத்தோரைக் கொண்டு மரபைக் காத்தார்கள். அங்கே 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் ரபி இல்லாததால் ஓய்ந்துபோகவில்லை. பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பின், 10 பேர் சேர முடியாமல்தான் ஓய்ந்தது. அந்தப் பத்து என்ற எண்ணிக்கையையே நம் அறிஞர்கள், மோசே அனுப்பி, கானான் நாட்டைப் பற்றித் தவறான செய்தி கொண்டுவந்த 10 வேவுகாரர்களிடமிருந்துதான் எடுத்தார்கள். நம்பிக்கை இழந்த அவர்களே ஒரு சபையாக எண்ணப்பட்டார்கள் என்றால், வேலை முடிந்து களைத்து வரும் நம் மக்களைச் சேர்த்து ஒரு சபையாக்குவது அத்தனை கடினமா?

மரபுப்படி ஆண்களே கதீஷ் சொல்லிவந்த காலத்தில், 1916இல் தம் தாயை இழந்த அமெரிக்க யூதத் தலைவி ஹென்றியேட்டா சோல்டு, தமக்குப் பதிலாகக் கதீஷ் சொல்ல முன்வந்த குடும்ப நண்பருக்கு நன்றி கூறி, அந்தக் கடமையை வேறொருவரிடம் ஒப்படைக்க முடியாது என்று எழுதினார். பெண்களையும் பத்தில் ஒருவராக எண்ணலாம் என்று யூத சமயப் பிரிவுகளில் ஒன்றான நம் கன்சர்வேடிவ் இயக்கத்தின் சட்டக் குழு ஏற்றது 1973இல்தான். அவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த இடத்தில் பெண்ணான நான் நிற்க வரும்போது கதவு பூட்டியிருக்கிறது.

ரபியைத் தேடும் பணியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நேர்காணல்கள் மூடிய அறையில் நடக்கின்றன. எங்களுக்கு வந்த படிவத்தில் இளம் குடும்பங்களை ஈர்ப்பது பற்றியும் நன்கொடை திரட்டுவது பற்றியும் கேள்விகள் இருந்தன. துக்க வீட்டில் வந்து உட்காரக்கூடியவரா என்ற கேள்வி இல்லை. ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்ய பெசலெயேலைப் பணியில் அமர்த்தும்போது இறைவனே முதலில் மோசேயிடமும், பின் மோசே வழியாக மக்களிடமும் சம்மதம் கேட்டார் என்றும், சமூகத்தைக் கலந்தாலோசிக்காமல் அதற்குத் தலைவரை நியமிக்கலாகாது என்றும் நம் அறிஞர்களின் விளக்க நூலான தல்மூத் கற்பிக்கிறது. மாலைத் தொழுகையை நிறுத்தும் முன்பாவது, அங்கே வந்துகொண்டிருந்த எங்கள் 9 பேரைக் கேட்டிருக்கலாம்.

தாங்கள் ஊதியம் எதுவும் பெறாமல், சொந்த வேலைகளுக்கு நடுவே இப்பொறுப்பைச் சுமக்கிறீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்கிறேன்: மாலைத் தொழுகையை நிறுத்தாதீர்கள். ரபி வரும் நாளில் வரட்டும். என் 11 மாதங்களில் இன்னும் ஏறக்குறைய 4 மாதங்கள் எஞ்சியிருக்கின்றன. எனக்குப் பின்னும் யாரேனும் ஒருவர் தாயையோ தந்தையையோ இழந்து இங்கே வந்து நிற்பார். 10 பேரைத் தொலைபேசியில் அழைத்துச் சேர்க்கும் வேலையை நானே ஏற்கிறேன். எண்களைத் தரும்படி ஓய்வு பெற்ற ரபியிடம் கேட்டிருக்கிறேன். வரும் திங்கள்கிழமை மாலை கதவைத் திறக்கச் சாவியை யாரிடம் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் தயவுசெய்து தெரிவியுங்கள்.

மரியாதையுடன்,
தங்கள் சபையின் உறுப்பினர் ஒருத்தி